கருவும் காவலும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் போர்களையும் ஆட்சி மாற்றங்களையும் கொண்டே காலத்தை அளந்து செல்வர். ஆயின், அரசு என்னும் ஆற்றல் மக்கள் வாழ்வினுள் எவ்வளவு தூரம் புகுந்துள்ளது என்பதை அறிய விரும்புவார்க்கு வேறோர் அளவுகோல் வேண்டும். அரசு ஊரெல்லையில் நின்றதா, வீட்டு வாசலில் நின்றதா, வாசலையுங் கடந்து உள்ளே வந்ததா, உடம்பின் எல்லையையும் தனதென்று கொண்டதா என வினவிப் பார்த்தலே அவ்வளவுகோலாகும். இவ்வாறு வினவும்போது, ஒன்றோடொன்று தொடர்பற்றனபோலத் தோன்றும் இரு பொருள்கள் அருகருகே வந்து நிற்கின்றன. ஒன்று, கருச்சிதைவைப் பற்றிய சட்டம். மற்றொன்று, குடிமக்களை வேவுபார்க்கவும் வீடு புகுந்து தேடவும் தடுத்து வைக்கவும் அரசு தனக்கெனக் கொண்ட அதிகாரம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலத்தின் அண்மைக்கால வரலாறு இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து ஆராய்வதற்குப் பெரிதும் இடந்தருகின்றது.

பண்டை நூல்களின் நிலை

ஒற்றரை வைத்து ஆளுதல் புதியதொன்றன்று. திருக்குறளின் 59 ஆம் அதிகாரம் ஒற்றாடல் என்னும் பெயருடையது. அதற்கு முன்னுள்ள 58 ஆம் அதிகாரம் கண்ணோட்டம் என்பதாம். அருளொடு நோக்கும் கண்ணைப் பற்றிக் கூறிய பின்னரே, மறைந்து நோக்கும் கண்ணைப் பற்றி வள்ளுவர் கூறினார் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. ஒற்றனால் ஆராயப்பட வேண்டியவர் யாவர் என்று கூறுமிடத்தும், அரசனின் வினை செய்வாரையும், அவன் சுற்றத்தாரையும், அவனுக்கு வேண்டாதாரையுமே அவர் எண்ணிக் காட்டினார். தன் வழியே தொழில் செய்து வாழும் குடியானவனின் அடுக்களை அவ்வெண்ணிக்கையில் இடம்பெறவில்லை. மேலும், ஓர் ஒற்றன் கொணர்ந்ததைப் பிறிதோர் ஒற்றனாலும் ஒத்துப் பார்த்தல் வேண்டும் என்றும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொற்கள் ஒத்தவழியே தெளிதல் வேண்டும் என்றும் அவர் வரையறை செய்தார். வேவு பார்த்தலை ஏற்றுக்கொண்ட அறநூலும் அதற்கு ஒரு கட்டுப்பாட்டை உடன்வைத்தே ஏற்றது என்பது இதனாற் பெறப்படும்.

கௌடிலியரின் அர்த்தசாத்திரமோ இவ்வகையில் மிகவும் விரிந்து செல்வது. மைசூரைச் சேர்ந்த சாமசாத்திரியார் 1905 இற் கண்டெடுத்து 1909 இல் அச்சேற்றிய அந்நூல், நகரத்துக் குடும்பங்களைப் பத்தாகவும் இருபதாகவும் நாற்பதாகவும் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் கோபன் என்னும் அலுவலனை வைத்து, அங்கு வாழும் ஆண் பெண் அனைவரின் குலம், பெயர், தொழில், வரவு செலவு ஆகியவற்றைப் பதிந்து கொள்ளுமாறு விதிக்கின்றது. மறைவாகப் புண்ணுக்கு மருந்திடுவிப்பவனைப் பற்றி மருத்துவன் அலுவலர்க்கு அறிவித்தல் வேண்டும் என்றும் அது கூறும். மருத்துவன் நோயாளியின் துணைவனாதல் வேண்டுமா, அரசின் கண்ணாதல் வேண்டுமா என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது எனலாம்.

அதே நூல் கருச்சிதைவைப் பற்றியும் பேசுகின்றது. அடித்துத் துன்புறுத்திக் கருவைச் சிதைத்தவனுக்கு மிக உயர்ந்த தண்டம். மருந்தினாற் சிதைத்தவனுக்கு இடைத்தரமான தண்டம். கடுந்தொழிலில் ஏவி வருத்திச் சிதைத்தவனுக்குக் கீழ்த்தரமான தண்டம் என்று அது படிமுறை வகுத்தது. இப்படிமுறையை உற்று நோக்கின், தாய்க்கு இழைக்கப்பட்ட கொடுமையின் அளவே தண்டத்தின் அளவைத் தீர்மானித்தது என்பது புலனாகும்.

தருமசாத்திரங்கள் கருவை அழித்தலைப் பெரும் பாவங்களுள் ஒன்றாக எண்ணின. சைவ மரபும் அவ்வாறே கருதியது. வினைவழியே உடலெடுக்க வந்த உயிர் தாய் வயிற்றில் மாதந்தோறும் எத்தனை இடையூறுகளுக்குத் தப்பிப் பிழைக்கின்றது என்பதை மணிவாசகர் போற்றித் திருவகவலில் விரித்துரைத்தார். கருவிலேயே உயிரைக் காணும் இந்நோக்கைச் சைவப் பெருமக்கள் எளிதிற் கைவிடார். ஆயினும், பாவத்திற்குக் கழுவாயும் குற்றத்திற்குத் தண்டமும் என இரு வேறு நெறிகள் நம் முன்னோரிடத்து இருந்தன. முன்னது மனச்சான்றையும் குருவையும் சார்ந்தது. பின்னது அரசனைச் சார்ந்தது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் போக்குப் பிற்காலத்தில் எழுந்ததாகும்.

தோம்பும் விதானையாரும்

இலங்கைத் தமிழ் மக்கள் எண்ணப்பட்டும் எழுதப்பட்டும் ஆளப்படலாயினமை ஐரோப்பியர் காலத்தில் விரிவடைந்தது. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நிலத் தோம்பு, தலைத் தோம்பு எனப் பதிவேடுகளை எழுதுவித்தனர். காணியும் ஆளும் அவற்றில் அடங்கின. வன்னியோ நெடுங்காலம் இதற்கு அகப்படாதிருந்தது. வன்னியர் யானைகளைத் திறையாகக் கொடுத்துத் தம் நிலத்தைத் தாமே ஆண்டனர். 1782 இல் ஒல்லாந்தப் படையினர் நாகெல் என்னும் அலுவலர் தலைமையில் வன்னியை அடிப்படுத்திய பின்னரே அந்நிலமும் நேராட்சியின் கீழ் வந்தது. 1803 இல் பண்டாரவன்னியன் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்து முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியதும், அவ்வாண்டு ஒற்றோபர் 31 ஆம் நாளிற் கற்சிலைமடுவில் திரிபேக்கு என்னும் படைத்தலைவனால் முறியடிக்கப்பட்டதும் யாவரும் அறிந்தவை.

வாள் ஓய்ந்தபின் எழுதுகோல் ஆளத் தொடங்கியது. 1867 இற் பிறப்பு இறப்புப் பதிவு முறைப்படுத்தப்பட்டது. 1871 இல் முதலாவது குடித்தொகைக் கணக்கெடுப்பு நடைபெற்றது. 1895 இல் ஜே. பி. லூயிசு என்னும் சிவில் அலுவலர் வன்னி மாவட்டங்களைப் பற்றிய கைந்நூலை வெளியிட்டார். காட்டுக் காய்ச்சலாலும் குளங்கள் தூர்ந்தமையாலும் குடிகுறைந்து கிடந்த நிலமாகவே வன்னி அக்காலத்து ஆட்சியாளர்க்குத் தோன்றியது. ஆகவே, பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் இறக்கும் ஒவ்வொருவரும் கச்சேரியின் கணக்கிற் பொருளுடையவராயினர். அக்கணக்கை ஊரில் நின்று நடத்தியவர் தலைமைக்காரர். ஊரவர் வழக்கில் அவர் விதானையார். ஊருக்குள் நிகழ்ந்த குற்றத்தையும் வந்த புதியவரையும் மேலிடத்துக்கு அறிவித்தல் அவர் கடமையாயிருந்தது. பொலிசு நிலையம் தொலைவிலிருந்த அக்காட்டுக் கிராமங்களில் அவரே பொலிசாரின் இடத்தையும் நிரப்பினார். 1963 இல் அப்பதவி ஒழிக்கப்பட்டுக் கிராம சேவகர் பதவி ஏற்பட்டது.

எண்ணுதலும் எழுதுதலும் தம்மளவில் தீயன அல்ல. பிறப்பைப் பதியாத நாட்டில் அம்மைப்பாலும் போய்ச் சேராது. 1926 இற் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறை நாளடைவில் நாடெங்கும் பரவியபோது, ஊர் மருத்துவமாது வீடு வீடாகச் சென்று கருவுற்றோரைப் பதிந்து, அவர்தம் நலத்தைத் தொடர்ந்து பேணலானார். தகுதியுடைய குடும்பங்களின் பதிவேடு இன்றும் அவர் கைக்கொண்டிருக்கும் முதற் கருவியாகும். பேறுகால மரணத்தைக் குறைத்ததில் இலங்கை தென்னாசியாவிற் சிறந்து நிற்பதற்கு இப்பதிவேடும் ஒரு காரணம். ஆகவே ஆராயத்தக்க வினா, பதிவேடு வேண்டுமா வேண்டாவா என்பதன்று. அது எதற்காக எழுதப்படுகின்றது, யார் கையிற் சென்று சேர்கின்றது, எழுதப்பட்டவர் அதனை மறுக்க இயலுமா என்பனவே ஆராயத்தக்கவை.

1883 ஆம் ஆண்டுச் சட்டம்

மக்கோலேயின் முயற்சியால் உருவாகி 1860 இல் இந்தியாவில் நிறைவேறிய தண்டனைச் சட்டக்கோவையைப் பின்பற்றி, 1883 இன் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை ஆக்கப்பட்டது. அதன் 303 ஆம் பிரிவு தொடக்கம் 307 ஆம் பிரிவு வரையுள்ளவை கருச்சிதைவு பற்றியன. பெண்ணின் உயிரைக் காக்கும் நோக்கத்தோடு நல்லெண்ணத்திற் செய்யப்பட்டாலன்றி, கருவைச் சிதைப்பவர் மூன்றாண்டு வரையிற் சிறையிடப்படலாம். கரு அசைவுற்ற பின்னராயின் ஏழாண்டு வரையில் அத்தண்டனை நீளலாம். பெண்ணின் இசைவின்றிச் செய்தார்க்குத் தண்டனை இருபதாண்டு வரை செல்லும். தன் கருவைத் தானே சிதைத்த பெண்ணும் இக்குற்றத்துள் அடங்குவாள் என்று விளக்கமும் சேர்க்கப்பட்டது.

இதில் இரண்டு செய்திகள் கருதற்பாலன. சட்டத்தைச் செய்தவர் இந்நாட்டுப் பெண்டிரின் கருத்தைக் கேட்டவரல்லர். சைவர், பௌத்தர், இசுலாமியர், கிறித்தவர் என்போரின் அறநூல்களை ஒப்பு நோக்கியவருமல்லர். இலண்டனில் 1861 இல் ஆக்கப்பட்ட சட்டமும் கல்கத்தாவிற் செய்யப்பட்ட கோவையும் கொண்ட கருத்தே இங்கும் பொருந்தும் எனக் கொள்ளப்பட்டது. பின்னர், பிரித்தானியா 1967 இல் தன் சட்டத்தைத் திருத்திக்கொண்டது. இந்தியா, சாந்திலால் சா தலைமையில் 1964 இல் அமைத்த குழு 1966 இல் அளித்த அறிக்கையை ஏற்று, 1971 இல் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2021 இல் சில வகைப் பெண்களுக்குக் கால எல்லையை 24 கிழமைகளாக உயர்த்தியது. இலங்கையிலோ மூலச் சட்டம் பெரும்பாலும் மூலமாகவே நிலைத்தது. 1995 இல் தண்டனைச் சட்டக்கோவை பெரிதும் திருத்தப்பட்டபோது, வல்லுறவு, முறைகேடான உறவு, சிசுவின் பெருங்குறைபாடு ஆகியவற்றில் விலக்களிக்க முன்மொழியப்பட்டது. எதிர்ப்பினால் அப்பகுதி கைவிடப்பட்டது. 2017 இல் மீண்டும் அமைச்சரவை இதனை ஆராய்ந்தது. கத்தோலிக்க ஆயர்கள் உள்ளிட்ட சமயத் தலைவர்களின் எதிர்ப்பின் பின் அம்முயற்சியும் நின்றுபோயிற்று.

எழுத்திலுள்ள சட்டம் கடுமையாயினும் நடைமுறை வேறாக இருந்தது. நாடு முழுவதிலும் நாளொன்றுக்கு அறுநூற்றுக்கு மேற்பட்ட கருச்சிதைவுகள் நிகழ்கின்றன என்னும் மதிப்பீடு பலகாலும் எடுத்துக்காட்டப்படுவது. மறைவில் நிகழ்வனவற்றைச் சரியாக எண்ணுதல் அரிதாயினும், சட்டம் தடுக்கக் கருதியதைத் தடுத்திலது என்பதற்கு அம்மதிப்பீடே சான்றாகும். பாதுகாப்பற்ற கருச்சிதைவு பேறுகால மரணங்களுக்குரிய காரணங்களுள் ஒன்றாக நீடித்து வந்துள்ளது. வசதியுடையார் பிறநாடு செல்வர், அல்லது நகரத்து மருத்துவரை நாடுவர். தொலைவிலுள்ள கிராமத்துப் பெண்ணுக்கோ மருந்துக்கடையின் பின்வாசலும் அறியாதார் கையுமே எஞ்சும். குருதிப்போக்கோடு வைத்தியசாலைக்கு வருபவள் உண்மையைச் சொல்லின் குற்றவாளி; சொல்லாவிடின் மருத்துவருக்கு நோய் புலனாகாது. கௌடிலியர் காலத்து மருத்துவனின் இரண்டகநிலை அவ்விடத்தில் மீண்டும் தோன்றுகின்றது.

வன்னியிற் காவலின் பெருக்கம்

1947 இன் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நெருக்கடி நிலையில் நாடாளுமன்றத்தைக் கேளாமலே விதிகள் ஆக்கும் அதிகாரத்தை ஆட்சியாளருக்கு அளித்தது. சுதந்திரத்திற்குச் சில மாதங்கள் முன்னரே அது நிறைவேறியமை குறிப்பிடத்தக்கது. 1968 இன் ஆட்பதிவுச் சட்டத்தால் அடையாள அட்டை வந்தது. 1979 இன் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம், பிடியாணையின்றி வீடு புகுந்து தேடவும், நீதிமன்றின் முன் வழக்கின்றிப் பதினெட்டு மாதம் வரை தடுத்து வைக்கவும் இடமளித்தது. மூன்றாண்டுக்கெனக் கொண்டுவரப்பட்ட அச்சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. 2022 இன் திருத்தம் தடுப்புக்கால உச்சத்தைப் பன்னிரண்டு மாதமாகக் குறைத்தது.

இச்சட்டங்களின் பொருளை வன்னி மக்கள் நூலிற் படித்து அறிந்தவரல்லர். தெருவில் நின்று அறிந்தவர். தொண்ணூறுகளில் வவுனியாவிற்கு வந்த வன்னி மக்கள் தங்கும் நாட்களுக்கேற்ப வகை வகையான அனுமதிச் சீட்டுக்களைப் பெற்றுத் திரிந்தனர். நோயாளியின் பயணமும் பிள்ளைப்பேற்றுக்குச் செல்வாளின் பயணமும் அச்சீட்டையே பொறுத்திருந்தன. மறுபக்கத்தில், விடுதலைப் புலிகளின் ஆட்சி எல்லைக்குள் வாழ்ந்தவரும் வெளியேறுதற்கு அனுமதி பெறவேண்டியவராயிருந்தனர். திரும்பி வருவாரென்பதற்கு உறவினர் பிணைநிற்கவும் நேர்ந்தது. காவலின் கொடி மாறினும் காக்கப்படுவோர் நிலை மாறவில்லை என்பதை நடுநிலை வரலாறு மறைத்தல் ஆகாது.

2009 மே மாதத்திற் போர் முடிந்தபோது ஏறத்தாழ 2,80,000 மக்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முதலான முகாம்களில் வைக்கப்பட்டனர். அவ்வாண்டு டிசெம்பர் வரை அவர்கள் வேண்டியவாறு வெளியே செல்ல இயலவில்லை. மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. ஊர் திரும்பியோரை எண்ணும் வேலை அதன்பின்னும் ஓயவில்லை. யாழ்ப்பாணம், கிளிநொச்சி மாவட்டங்களிற் படையினர் குடும்பங்களைப் பதிவு செய்தமையை எதிர்த்துத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பாராளுமன்ற உறுப்பினர்கள் 2011 இல் உயர் நீதிமன்றில் அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தனர். பதிவு நிறுத்தப்படும் என்று சட்டமா அதிபர் தரப்பில் மன்றுக்கு உறுதி கூறப்பட்டது. மக்களின் முறைப்பாட்டை மன்று செவிமடுத்த ஒரு நிகழ்ச்சியென இது நினைவுகூரத்தக்கது.

கருவுங் காவலும் சந்தித்த இடம்

2013 ஆகஸ்டு மாதத்திற் கிளிநொச்சி மாவட்டத்தின் கரையோரக் கிராமங்களாகிய வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகியவற்றிலிருந்து ஒரு முறைப்பாடு எழுந்தது. பிள்ளைகளின் நலம் பேணுதற்கென அழைக்கப்பட்ட தாய்மார் சிலர், தம் விருப்பத்தை முறைப்படி கேளாமலே நெடுங்காலக் கருத்தடைக் குச்சிகள் தம் கையிற் பதிக்கப்பட்டன என்றனர். இம்முறைப்பாட்டின் ஒவ்வொரு கூறும் நடுநின்று ஆராயப்பட்டாலன்றி எவர்மீதும் தீர்ப்புக் கூறுதல் பொருந்தாது. எனினும், அச்செய்தி அவ்வளவு விரைவாகப் பரவி அவ்வளவு ஆழமாக நம்பப்பட்டமைக்குக் காரணம் வெளிப்படை. பல்லாண்டுகளாகப் பெயர்ப் பட்டியலுக்கும் சோதனைச் சாவடிக்கும் பழகிய மக்கள், அரசின் சின்னம் பொறித்த எந்தத் தாளையும் ஐயுறவோடு நோக்கினர். மருத்துவமாதின் பதிவேடும் காவலரின் பதிவேடும் அவர்களுக்கு வேறாகத் தோன்றவில்லை. நம்பிக்கை அழிந்த இடத்தில் நன்மருந்தும் நஞ்சாக எண்ணப்படும்.

இவ்வையம் ஓரினத்திற்கு மட்டும் உரியதன்று. 2019 இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின், குருநாகல் வைத்தியசாலையைச் சேர்ந்த முசிலிம் மருத்துவர் ஒருவர் சிங்களப் பெண்களுக்கு அவர் அறியாமற் கருத்தடை செய்தார் என்னும் வதந்தி செய்தித்தாளில் ஏறியது. அவர் மே மாதத்திற் கைதுசெய்யப்பட்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டார். அக்குற்றச்சாட்டுக்குச் சான்றில்லை என்று குற்றப் புலனாய்வுத் துறையினர் நீதிமன்றிற்கு அறிவித்தனர். யூலை மாதத்தில் அவர் பிணையில் விடப்பட்டார். கருவைப் பற்றிய அச்சமும் காவற் சட்டத்தின் வன்மையும் ஒன்று சேரின் யாது விளையும் என்பதற்கு இதனினுந் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டா. வன்னியில் அஞ்சினார் அரசை அஞ்சினர்; குருநாகலில் அஞ்சினார் அயலவரை அஞ்சினர். இரண்டிலும் பெண்ணின் உடல் இனத்தொகைக் கணக்கின் ஓர் இலக்கமாகக் கருதப்பட்டது.

பிறநாட்டுப் பட்டறிவு

கருச்சிதைவைத் தடுக்கும் அரசும், அதனை வற்புறுத்தும் அரசும் ஒன்றற்கொன்று மாறானவை என்று பலர் எண்ணுவர். பிறநாட்டு வரலாறு அவ்வெண்ணத்தைத் திருத்துகின்றது. உருமேனியாவில் சௌசெசுக்கு ஆட்சி 1966 இல் 770 ஆம் இலக்க ஆணையால் கருச்சிதைவைப் பெரும்பாலும் தடைசெய்தது. தடையை நிலைநாட்டுதற்குத் தொழிற்சாலைகளிற் பெண்கள் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். வைத்தியசாலைகளில் உளவாளர் நின்றனர். பேறுகால மரணம் ஐரோப்பாவிலேயே மிக உயர்ந்த நிலையை எய்தியது. 1989 டிசெம்பரில் ஆட்சி கவிழ்ந்தவுடன் புதிய ஆட்சியாளர் நீக்கிய முதற் சட்டங்களுள் அவ்வாணையும் ஒன்று. சீனாவிலோ 1980 அளவில் தொடங்கி 2015 வரை நிலவிய ஒரு பிள்ளைக் கொள்கை, பெண்களின் கருவைப் பதிவுசெய்து கண்காணித்துக் கலைக்கவும் வற்புறுத்தியது. இந்தியாவில் 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலை நிலவியபோது, 1976–77 என்னும் ஓராண்டில் மட்டும் எண்பது இலட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நிகழ்ந்தன. ஆசிரியருக்கும் அலுவலருக்கும் இலக்கு விதிக்கப்பட்டது. ஒன்றில் பெறு என்றனர். மற்றவற்றில் பெறாதே என்றனர். ஆயின் மூவிடத்தும் கையாண்ட கருவிகள் பதிவேடும் உளவும் அச்சமுமேயாம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு வேறொரு வகையிற் பாடம் புகட்டுவது. 1965 இல் கருத்தடைச் சாதனம் பற்றிய வழக்கொன்றில் இல்லறத்தின் அந்தரங்கம் அரசியலமைப்பாற் காக்கப்படுவது என்று உயர் நீதிமன்றம் கொண்டது. அதன் வழியே 1973 இல் கருச்சிதைவு உரிமையை ஏற்றது. 2022 யூன் 24 இல் அத்தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. அவ்வாண்டிலேயே நெபிராசுக்கா மாநிலத்துப் பொலிசார், ஒரு தாயும் மகளும் முகநூல் வழியே பரிமாறிய செய்திகளை நீதிமன்ற ஆணை பெற்று எடுத்து, அவற்றைச் சான்றாகக் கொண்டு கருச்சிதைவு வழக்கை நடத்தினர். முன்னாளில் ஒற்றன் சுவரோரம் நின்று கேட்டான். இந்நாளில் கையிலுள்ள தொலைபேசியே அனைத்தையும் எழுதி வைத்துக்கொள்கின்றது.

இந்திய உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர் 2017 ஆகஸ்டு 24 இற் புட்டசாமி வழக்கில் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்த்தனர். அரசு தகவல் திரட்டுதலை எதிர்த்து எழுந்த வழக்கு அது. எனினும் பிள்ளைப்பேறு பற்றிய பெண்ணின் தெரிவும் அவ்வுரிமையில் அடங்கும் என்று அத்தீர்ப்பிற் கூறப்பட்டது. கண்காணிப்பும் கருவும் ஒரே வேரின் இரு கிளைகள் என்பதை நீதிமன்றமே உணர்ந்து கூறியவாறு இது. இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்போ அந்தரங்க உரிமையை வெளிப்படையாக வழங்கவில்லை. உரோமன் டச்சுச் சட்டவழியும், 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஓரளவுக்கே துணைநிற்பன.

இருதிறத்தார் கருத்தும் ஆராய்வும்

சட்டம் அவ்வாறே நிற்றல் வேண்டும் என்பார் கூறுவது இலேசானதன்று. வாய்திறந்து தனக்காகப் பேச இயலாத உயிரைக் காத்தலினும் அரசுக்கு உயர்ந்த கடமை யாது என அவர் வினவுவர். போரில் பிள்ளைகளை இழந்து நிற்கும் வன்னியில் அவ்வினா மேலும் ஆழமாக ஒலிக்கும். சைவ அறமும் அவர் பக்கம் நின்று பேசக்கூடும். அதனை எள்ளி நகையாடுவோர் இம்மண்ணின் துயரை அறியாதவராவர்.

மறுதிறத்தார் கூறுவதும் அதே மண்ணிலிருந்து எழுவதே. போரின்பின் பல்லாயிரம் குடும்பங்கள் பெண் தலைமையில் வாழ நேர்ந்த நிலத்தில், வல்லுறவுக்கு ஆளாகிக் கருவுற்ற சிறுமிக்கும் பிறந்து மூச்சுவிடவும் இயலாத குறைபாடுடைய சிசுவைச் சுமப்பாளுக்கும் சட்டம் எந்த வழியும் காட்டவில்லை என்பர் அவர். உயிரைக் காக்கும் ஒரேயொரு விலக்கும் எவ்வளவு விரிந்தது என்பதை அஞ்சாமற் கூற மருத்துவர்க்கும் இயலவில்லை என்பர்.

இவ்விரு கருத்துக்களையும் சீர்தூக்குமிடத்து ஒன்று தெளிவாகின்றது. கருவிலுள்ள உயிர் போற்றற்குரியது என்பதை ஒப்புக்கொள்வதனால், அதனைப் போற்றும் வழி தண்டனைச் சட்டமே என்பது பெறப்படாது. தண்டிக்க வேண்டுமாயின் அறிதல் வேண்டும். அறிய வேண்டுமாயின் வேவு பார்த்தல் வேண்டும். வேவு பார்க்க மருத்துவரும் மருத்துவமாதும் அயலாரும் உறவினரும் ஒற்றராதல் வேண்டும். உருமேனியா இவ்வழியின் முடிவுவரை நடந்து காட்டியது. அவ்வழியிற் செல்லாது சட்டத்தை ஏட்டில் மட்டும் வைத்திருப்பின், அது ஏழையை மட்டுமே அச்சுறுத்தும், செல்வரைத் தீண்டாது. அவ்வாறே, கருச்சிதைவை உரிமையென வழங்க முன்வரும் அரசும் இசைவை முறைப்படி கேட்டறியும் பழக்கத்தை முதலிற் கைக்கொள்ளல் வேண்டும். இசைவைக் கேளாத ஓர் அரசின் கையில் உரிமையும் ஏவலாக மாறும் என்பதே வேரவில், வலைப்பாட்டுப் பெண்கள் எழுப்பிய முறைப்பாட்டின் உட்பொருள்.

ஆகவே, குறைந்த அளவிலேனும் மூன்று செய்தற்குரியன. வல்லுறவு, முறைகேடான உறவு, உயிர்தரியாச் சிசு ஆகியவற்றில் 1995 இல் முன்மொழியப்பட்ட விலக்கை மீண்டும் ஆராய்தல் முதலாவது. சிகிச்சை நாடி வரும் பெண் கூறுவது வழக்கின் சான்றாகாது என மருத்துவரின் மறைகாப்பைச் சட்டத்தால் உறுதிசெய்தல் இரண்டாவது. சுகாதாரப் பதிவேடு எக்காரணங் கொண்டும் காவலர் கைக்குச் செல்லாதென வரையறுத்து, மக்களின் மொழியிலேயே விளக்கிக் கையொப்பம் பெறாது எச்சிகிச்சையும் செய்யலாகாதென விதித்தல் மூன்றாவது. இவற்றை ஏற்பதனால் எவரும் தம் சமய நம்பிக்கையைக் கைவிட வேண்டியதில்லை. கோயிலும் குருவும் தாயும் தமக்கையும் பேச வேண்டியதை அவர்களே பேசுவர். அவர்கள் சொல்லுக்குச் சிறைக்கதவின் துணை வேண்டா.

வன்னி நிலத்தில் வளரும் இளைஞர் சோதனைச் சாவடிகளைப் பற்றிப் பெற்றோர் வாயிலாகக் கேட்டறிந்துள்ளனர். தம் வீட்டு வாசலில் வந்து நின்ற காவலை வெறுக்கவும் அவர்கள் கற்றுள்ளனர். அவ்வெறுப்பு அறிவாக முதிர வேண்டுமாயின், அயல்வீட்டுப் பெண்ணின் வாசலில் நிற்கும் காவலையும் அவர்கள் அதே கண்கொண்டு நோக்கப் பழகுதல் வேண்டும். கண்ணோட்டத்தை முன்வைத்து ஒற்றாடலைப் பின்வைத்த வள்ளுவரின் முறைவைப்பு நம் காலத்துச் சட்டம் செய்வார்க்கும் பொருந்துவதேயாம்.